மதில் ஓரமாக ஓட்டிப் பார்

வேலூர்
9.6.2025

அன்புள்ள மதிக்கு,

உன் புருஷன் காசி எழுதுவது. உயிரோடு இருக்கிறேன், கோபத்தோடும் இருக்கிறேன், இரண்டிலும் குறைவில்லை. முதுகுவலி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. நீயும் எழிலும் கவிநிலாவும் என் தங்கச்சி சிந்துஜாவும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கவிக்குச் சளி விட்டதா?

இனிமேல் என்னிடமிருந்து போன் வராது. மனு போட்டு என்னைப் பார்க்கவும் யாரும் வர வேண்டாம், விடமாட்டார்கள். குளிக்கிற இடத்தில் ஒருத்தன் என் வாளியைக் காலால் தள்ளினான். அந்த வாளியாலேயே அவன் முகத்தில் போட்டேன். இரண்டு பல், கொஞ்சம் மூக்கு. அதற்குத் தண்டனையாக விடுதலைவரை போனும் மனுவும் கிடையாது, ஜெயிலுக்குள்ளேயே எனக்கு இன்னொரு ஜெயில். ஆகவே கடிதம்தான். நான் எழுதுவதையும் நீ எழுதுவதையும் ஆபீசில் ஒருவர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். பார்த்து எழுது.

போன மனுவில் ஏழு பேர் உட்காருகிற வண்டி வாங்கப் போவதாகச் சொன்னாய். இரைச்சலில் பாதிதான் புரிந்தது. வாங்கு. நவம்பர் 24 எனக்கு விடுதலை. வந்ததும் ஓட்ட ஒரு வண்டி வேண்டும். ஆனால் புரோக்கர் எவனையும் வீட்டுப் பக்கம் சேர்க்காதே. வெள்ளத்தில் முழுகிய வேனைத் துடைத்து சாம்பிராணி காட்டி என் தலையில் கட்டினானே அருண்பிரசாத், அவன் முட்டியை ஜாக்கி ராடால் உடைத்த கேசில்தான் மூன்று வருடமாக இங்கே கிடக்கிறேன். அந்த முட்டிக்காக இன்றுவரை எனக்கு வருத்தம் கிடையாது. இரண்டு முட்டி இருந்தும் ஒன்றோடு விட்டோமே என்றுதான் இருக்கிறது.

நான் சொல்வதை எழுதி வைத்துக்கொள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார். எவனும் கழுவாத இடம் அது. அடியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீரில் முழுகின வண்டி. பிரேக் பெடலின் ரப்பரைப் பார். மீட்டர் நாற்பதாயிரம் காட்டும், ரப்பர் தேய்ந்து வழுக்கையாக இருக்கும். மீட்டரைத் திருப்புகிறவன் ரப்பரை மாற்ற மறந்துவிடுவான். கடைசி வரிசையில் நீயே ஏறி அரை மணி நேரம் உட்கார். விற்கிறவன், "பசங்க தாராளமா உக்காரலாம்"னு சொன்னால் பெரியவர்களுக்கு முட்டி இடிக்கும் என்று அர்த்தம். கடைசி வரிசை உனக்குப் பழக்கம்தானே.

பிள்ளைகளை அடிக்காமல் வளர்.

உன்
காசி


அடி அண்ணாமலை
20.6.2025

மாமாவுக்கு மதிவதனியின் வணக்கம்.

நாங்கள் நான்கு பேரும் சுகம். கவியின் சளி இறங்கிவிட்டது. உங்கள் முதுகுக்கு அங்கே தைலம் ஏதாவது கொடுக்கிறார்களா? வெறும் தரையில் படுக்காதீர்கள்.

வண்டி எதற்கு என்று தெளிவாகவே எழுதுகிறேன். செங்கம் ரோட்டில் நான் சமையல் பார்க்கிற விடுதிக்கு இப்போதெல்லாம் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சென்ற பௌர்ணமிக்கு ஐதராபாத்திலிருந்து ஏழு பேர். இரண்டு ஆட்டோவில் பிரிந்து கிரிவலம் போய், ஒரு ஆட்டோ நம் ஊரில் நிற்க, இன்னொன்று பெரிய கோபுரத்திடம் போய் நிற்க, பெரியம்மாவைக் காணோம் என்று ஒரே அழுகை. விடுதி முதலாளியம்மா என்னைப் பார்த்து, "நீயே ஒரு வண்டி போட்டுடேன் மதி. ஏர்போர்ட்டு சவாரி, செஞ்சி சவாரி, எல்லாம் நான் தர்றேன்" என்றார். அன்றைக்குப் பிடித்த ஆசை.

சீட்டு, மகளிர் குழுக் கடன், என் வளையல் எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சம் வரை புரட்டலாம். இன்னோவா எட்டாது. எர்டிகா, டவேரா இரண்டில் நல்லதாக ஒன்று கிடைத்தால் போதும். அழகு வேண்டாம். நடுரோட்டில் நிறுத்தாத வண்டியாக இருக்க வேண்டும்.

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கிவிட்டேன். வண்டியின் ஆர்.சி. என் பெயரில்தான் இருக்கும். நீங்கள் வெளியே வருவதற்கு முன்னால் அது என் பெயரில் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். அப்படி ஆகாவிட்டால் எப்போதுமே ஆகாது என்று எனக்குத் தெரியும். அவசரம் அதனால்தான்.

ஒரு சந்தேகம். பின் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாமல் செய்கிற குட்டி லிவர் இருக்கிறதே, சைல்டு லாக், அதை அடியோடு கழற்றிப் போட முடியுமா?

முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிவதனி


வேலூர்
28.6.2025

அன்புள்ள மதிக்கு,

நான் நலம். தைலம் கேட்டால் இங்கே சிரிப்பார்கள். எழில் படிக்கிறாளா? சிந்து அந்தக் காபிக் கடை வேலைக்கு இன்னும் போகிறாளா? வெள்ளைக்காரன் எவனிடமும் பல்லைக் காட்ட வேண்டாம் என்று சொல். காட்டினால் அந்தப் பல் வாயில் இருக்காது.

உன் லைசென்ஸ் கதையைப் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குப் படித்துக் காட்டினேன். எட்டுப் போட்டவர்கள் எல்லாம் டிரைவர் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இளநீர் விற்கிறவன்தான் பெரிய டிரைவர், தினம் நூறு எட்டுப் பார்க்கிறான். ஆர்.சி. உன் பெயரில் இருக்கட்டும், நான் வரும்வரை. வந்த மறுநாள் கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொடு. இதில் பேச்சு இல்லை.

ஒரு வித்தை சொல்கிறேன். என் மெக்கானிக் ஷெட்டில் வேலை பார்த்த எவனுக்கும் இதைச் சொன்னதில்லை. திறந்த ரோட்டில் ஓட்டினால் வண்டியின் சத்தம் காற்றோடு போய்விடும். நீளமான மதில் ஓரமாக ஓட்டிப் பார். ஏ.சி., பாட்டு எல்லாம் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொள். இருபதுக்கு மேல் போகக் கூடாது. வீல் பேரிங் போயிருந்தால் அந்த அரைக்கிற சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி நேராக உன் காதுக்கு வரும். விற்கிறவனை ஓட்டச் சொல். நீ முன்னால் இடது பக்கம், மதிலை ஒட்டி உட்கார்ந்து கேள். ஒன்றும் கேட்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நேற்று சோற்று வரிசையில் ஒருத்தன் என் தோளைத் தள்ளினான். எனக்குத் தண்டனை முடிய வேண்டுமே என்று விரலை மட்டும் பிடித்துக் கொஞ்சம் வளைத்தேன். முன்னைக்கு நான் எவ்வளவோ திருந்திவிட்டேன்.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசி


அடி அண்ணாமலை
21.7.2025

மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாரும் சுகம். எழிலுக்குக் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் முதுகு தேவலையா?

கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஒரு வெள்ளை வண்டி பார்த்தேன். சீட் பெல்ட் சுத்தம். பெடல் ரப்பரும் மீட்டரும் ஒரே கதையைச் சொல்லின. பிறகு நீங்கள் சொன்னபடி அரிசி மில்லின் மதில் ஓரமாக ஓட்டச் சொன்னேன். இடது பக்கம் உட்கார்ந்தேன். கண்ணாடியை இறக்கினேன். மதில் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு சத்தமும் வரவில்லை. நமக்கு நல்ல காலம் என்று பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சிந்துவைக் கூட்டிப் போனேன். அவள் அதே சீட்டில் உட்கார்ந்தாள், அதே மதில். பத்தடி போவதற்குள், "இன்னா அண்ணி, கிர்ரு கிர்ருனு அரைக்குது. நேத்து உனக்கு கேக்கலயா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மதில் எனக்கு இடது பக்கம் இருந்தது. இடது காது எனக்கு மூன்று வருடமாக இல்லை. எனக்கே மறந்துவிட்டது மாமா. தலையைத் திருப்பி வைத்துப் பேசுவதும், படுக்கும்போது வலது காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டால் உலகமே அடங்கிவிடுவதும் பழகிப்போயிற்று. உங்களுக்கும் மறந்துவிட்டது போலிருக்கிறது. இடது பக்கம் உட்காரச் சொன்னது நீங்கள்தான்.

அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. வீட்டுக்கு வந்து குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். பத்தாயிரத்துக்காக அழவில்லை.

சைல்டு லாக் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் எழுதவில்லை.

மதிவதனி


வேலூர்
1.8.2025

மதிக்கு,

நலம். எழிலுக்கு நல்ல கண்ணாடியாகப் போடு, மலிவாகப் பார்க்காதே. கவி சாப்பிடுகிறாளா? சிந்துவின் தலைவலி எப்படி? உனக்குக் கால் வீக்கம் வருமே, வெந்நீரில் வைக்கிறாயா?

பத்தாயிரம். எண்ணிக் கொடுத்தாயா, எண்ணாமலே கொடுத்தாயா? அந்த விற்கிறவனின் பெயரும் கடை இருக்கிற இடமும் எழுது. நவம்பரில் முதல் வேலை அவன்தான். கடையில் நிற்கிற ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியையும் உடைப்பேன், அவனையே உரக்க எண்ணச் சொல்லி. எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய வண்டி விற்கிற அப்துல் பாய் இருக்கிறார். பொய் சொன்னால் அவருக்கு வியர்த்துவிடும், அதனால் சொல்ல மாட்டார். அவரிடம் போ. இனிமேல் சிந்துவையே உட்கார வைத்துக் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

காசி


வேலூர்
23.8.2025

மதிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உங்களில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, அல்லது கை உடைந்துவிட்டதா?

செங்கம் ரோட்டுக்காரன் ஒருத்தன் புதிதாக வந்திருக்கிறான். என் ஷெட் காலியாகக் கிடக்கிறதாம். கம்ப்ரஸரை ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி போனதாம், கூட நின்று ஏற்றிவிட்டவள் நீயாம். பொய்தான் சொல்கிறான் என்று அவனைச் சுவரோடு வைத்து அழுத்தினேன். குழந்தைகள் மேல் சத்தியம் செய்தான்.

அந்தக் கம்ப்ரஸர் என் பதினெட்டு வருடத்து உழைப்பு. ஸ்பேனர் செட்டில் ஒன்று குறைந்தாலும் எனக்குத் தெரியும், தூங்கும்போதே தெரியும். இதைப் படிக்கிற அய்யா மன்னிக்க வேண்டும், இது குடும்ப விஷயம். மதி, நான் வீட்டுக்கு வரும்போது நீ வாசலில் நிற்காதே. கொஞ்ச நேரம் எங்காவது போய்விட்டு வா. உன் நல்லதுக்குச் சொல்கிறேன்.

பதில் உடனே வேண்டும்.

காசி


அடி அண்ணாமலை
3.9.2025

மாமாவுக்கு,

எல்லாரும் சுகம். யாருக்கும் கை உடையவில்லை.

வண்டி வாங்கிவிட்டேன். அப்துல் பாயிடம்தான், ஒன்பது வருடத்து எர்டிகா, சாம்பல் நிறம். ஒரே ஓனர், ஓய்வு பெற்ற வாத்தியார், செலவுக் கணக்கை எல்லாம் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தார். மதில் ஓரமாக ஓட்டிப் பார்த்தோம், இந்த முறை சிந்து இடது பக்கம். வரும்போது நானே ஓட்டினேன். பணம் குறைந்ததால் கம்ப்ரஸரையும் ஸ்பேனர்களையும் விற்றேன். உங்களைக் கேட்காமல் விற்றது தப்புதான். கேட்டிருந்தால் விற்க முடியாது.

கடைசி வரிசையில் அரை மணி நேரம் உட்காரச் சொன்னீர்கள், உட்கார்ந்தேன். முட்டி இடிக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் இருக்கிறவர்கள் தாமாக இறங்க முடியாது, நடு சீட்டை மடக்கினால்தான் வழி. அங்கே உட்கார்ந்திருந்தபோது சித்திரைப் பௌர்ணமி முழுக்க ஞாபகம் வந்தது. நீங்கள் ஜாமீனில் இருந்த வருடம். பட்டப்பகல். மாலைக் கிரிவலச் சவாரிக்கு, எட்டு சீட்டுக்கு நான் ஒன்பது பேர் பேசிவிட்டேன் என்று கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வீட்டுக்கு வருகிற வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தீர்கள். "வண்டிய நிறுத்துங்க, நான் எறங்கிக்கறேன்" என்றேன். வேகம் குறைந்தது. கைப்பிடியை இழுத்தேன், கதவு திறக்கவில்லை. காலையிலேயே லாக் போட்டிருந்தீர்கள். நீங்கள் இறங்கிச் சுற்றிவந்து வெளியேயிருந்து திறந்தீர்கள். இறங்கத்தான் விடுகிறீர்கள் என்று நான் காலைக் கீழே நீட்டினேன். உங்கள் கையில் வீல் ஸ்பேனர் இருந்தது. பின்னால் சிந்து, மடியில் நான்கு வயதுக் கவி, பக்கத்தில் எழில். என் சீட்டை மடக்காமல் அவர்கள் வெளியே வர வழி இல்லை. அங்கேயே உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வேன் கதவு அடித்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். பாவம், அந்தக் கதவு அன்றைக்கு நான் இழுத்தபோது திறக்கக்கூட இல்லை.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். சைல்டு லாக்கைக் கழற்ற முடியுமா?

மதிவதனி


வேலூர்
12.9.2025

மதிக்கு,

நலம். அனைவர் நலமும் அறிய ஆவல்.

ஆபீசில் படிக்கிறவர் என்னைக் கூப்பிட்டு ஒரு மாதிரி பார்த்தார். வேண்டாத கதை எல்லாம் எழுதாதே. கதவு அடித்தது. டாக்டரே எழுதியிருக்கிறார். சிந்துவே சொல்லியிருக்கிறாள். முடிந்துபோனதைக் கிளறினால் நாற்றம்தான் வரும்.

நவம்பர் 24, காலை ஒன்பது மணிக்கு வண்டியோடு ஜெயில் வாசலுக்கு வா. டேங்க் நிரப்பிக்கொண்டு வா. சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நீ பின்னால் போய் உட்கார். சிந்துவும் பிள்ளைகளும் கூட வரட்டும். ஆர்.சி. மாற்றும் பாரத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவை. நேராக சன்னதிக்குப் போய்ச் சூடம் கொளுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நான் ஏற்றி எடுக்கிறேன். அதுவரைக்கும் அந்த வண்டி பூஜை ஆகாத வண்டி.

காசி


அடி அண்ணாமலை
26.9.2025

மாமாவுக்கு,

எல்லாரும் சுகம். முதுகு எப்படி?

எலுமிச்சம்பழத்தை நானே ஏற்றி எடுத்துவிட்டேன், நான்கும் ஒரே தடவையில். மஞ்சள் போர்டும் மாட்டியாகிவிட்டது. இந்த மாதம் பதினொரு சவாரி. நவம்பர் 24 தீபக் கொடியேற்றம், அன்றைக்கு விடியற்காலையிலிருந்து மூன்று சவாரி பேசியிருக்கிறேன். வேலூருக்கு வர முடியாது. பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். சாவி என்னிடம்தான் இருக்கும்.

சைல்டு லாக்கை அப்துல் பாய் ஐந்து நிமிடத்தில் கழற்றிக் கொடுத்தார். ஆகவே அந்தக் கேள்வி இனி இல்லை.

வேறு ஒன்றுதான் கேட்க வேண்டும். என்னை அடித்தது கதவா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மதிவதனி


வேலூர்
10.10.2025

மதி,

இதை ஆபீஸ் வழியாக அனுப்பவில்லை. நாளை விடுதலை ஆகிறவன் ஒருத்தன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து உன் வீட்டில் போடுவான். நடுவில் எவனும் படிக்கப்போவதில்லை. அதனால் நலம் விசாரிக்கவில்லை, நேராகவே எழுதுகிறேன்.

பதில்தானே வேண்டும்? நான்தான். லாக் போட்டதும் நான், ஸ்பேனரை எடுத்ததும் நான். தலையின் நடுவில்தான் குறி வைத்தேன், நீ திரும்பினதால் காதோடு போயிற்று. அதோடு விட்டதற்கு எனக்கு நீ நன்றி சொல்ல வேண்டும். கட்டினவன் ஓட்டுகிற வண்டியிலிருந்து நடுரோட்டில் இறங்கிக்கொள்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் வேறு என்ன செய்வார்கள்? நாலு பேர் பார்க்கிற ரோடு. எனக்கு மானம் இல்லையா?

கேட்டுக்கொள். நவம்பர் 24 நீ வராவிட்டால் நான் வருவேன். கொடியேற்றமா, கூட்டமா, எதையும் பார்க்க மாட்டேன். முதலில் அந்த வண்டியின் கண்ணாடி. அப்புறம் நீ எட்டுப் போட்ட அந்த இரண்டு கை. ஸ்பேனரை எல்லாம் விற்றுவிட்டால் நான் வெறுங்கையோடு நிற்பேன் என்று நினைத்தாயா? ஐம்பதே ரூபாய்க்கு எவனும் அரிவாள் சாணை பிடித்துத் தருவான். உனக்கு இன்னொரு காது இருக்கிறது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதை மட்டும் மறக்கவில்லை. சிந்துவுக்கும் சொல். கதவு என்று சொன்ன வாய் மாற்றிப் பேசினால் அதுவும் இருக்காது.

பாரத்தில் கையெழுத்துப் போட்டு வை.

ம. காசி


அடி அண்ணாமலை
25.10.2025

அண்ணாவுக்கு சிந்துஜா எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். தலைவலி இப்போது வருவதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும், கேட்க வரவில்லை.

நீ கொடுத்தனுப்பியது வந்தது. அண்ணி படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள். எழில் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் மடித்து வைத்துவிட்டோம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது, "டோரு காத்துல அடிச்சிடுச்சு சிஸ்டர்"னு சொன்னது நான். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். அதற்கு முன்னாலும் வீட்டில் நீ அண்ணியை அடிக்கிற நாளில் எல்லாம் டி.வி. சத்தத்தை ஜாஸ்தியாக வைத்தது நான்தான், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று. உன் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான் அது. அரிசி மில் மதில் ஓரம் அண்ணி ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னபோது எனக்கு அந்த வண்டியிலிருந்து குதித்துவிடலாம் போல் இருந்தது.

கதவு என்று சொன்ன வாயை நான் மாற்றிக்கொண்டாகிவிட்டது. எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். எங்கே என்று அண்ணி எழுதுவாள்.

சிந்துஜா


அடி அண்ணாமலை
16.11.2025

காசிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். எழிலுக்குக் கண்ணாடி பொருந்திவிட்டது. கவி இப்போது முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று தினம் சண்டை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு.

ஜூலை மாதம் நான் பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் சொல்லவில்லை. அந்த மூன்று வாரத்தில் வக்கீல் மெஹ்ஜபீன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். வலது காதைக் காட்டி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் படித்தார். "இதுல டோருன்னுதாம்மா போட்டிருக்கு. மூணு வருஷம் ஆச்சு. உன் பேச்ச தவிர கையில வேற எதுவும் இல்லையே" என்றார். அதன் பிறகுதான் உங்களிடம் விடாமல் கேட்டேன். முதல் தடவை சைல்டு லாக் பற்றிக் கேட்டது உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான். ஒரு வார்த்தை, தப்புதான் மதி என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தால் நான் வக்கீலிடம் திரும்பிப் போயிருக்க மாட்டேன். அவ்வளவு முட்டாளாகத்தான் இருந்தேன். நீங்கள் என் கால் வீக்கத்தைக் கேட்டீர்கள், சிந்துவின் தலைவலியைக் கேட்டீர்கள். காதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டீர்கள்.

ஆபீசில் ஒருவர் படிக்கிறவரைக்கும் நீங்கள் கவனமாகத்தான் இருந்தீர்கள். நடுவில் யாரும் படிக்க மாட்டார்கள் என்று தைரியமாக எழுதினீர்களே, அந்தக் கடிதத்தை நடுவில் யாரும் படிக்கவில்லை. அதற்குப் பிறகு மெஹ்ஜபீன் அம்மா படித்தார். மகளிர் காவல் நிலையத்தில் படித்தார்கள். கடைசியில் மாஜிஸ்டிரேட் படித்தார். படித்துவிட்டு, "கையெழுத்து அவருடையதுதானா?" என்று சிந்துவைக் கேட்டார். "எங்கண்ணன் எழுத்துதாங்க, சின்ன வயசுலருந்து பாக்கறேன்" என்றாள். அழவில்லை, நன்றாக நிமிர்ந்து நின்று சொன்னாள்.

நீங்கள் வருவதற்குள் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது ஓடிவிடுவேன் என்று நினைத்திருப்பீர்கள். செப்டம்பர்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன், ஓடுவதற்குத்தான் வண்டி என்று. இப்போது ஓட எனக்கு நேரம் இல்லை. தீபம் முடியும்வரை சவாரி நிறைந்திருக்கிறது. நீங்கள்தான் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. விடுதிக்கு வரக் கூடாது. பிள்ளைகளின் பள்ளிக்கு வரக் கூடாது. வண்டி நிற்கிற இடத்துக்கும் வரக் கூடாது. மீறினால் அன்றைக்கே பிடித்துவிடுவார்கள். அந்தக் கடிதத்துக்குத் தனியாக ஒரு கேசும் போட்டிருக்கிறார்கள். 24-ந்தேதி வாசலில் போலீஸ் நின்றாலும் நிற்கும். நிற்காவிட்டால் பஸ்தான். உங்கள் துணிமணி எல்லாம் மூட்டையாகக் கட்டி அப்துல் பாய் கடையில் வைத்திருக்கிறேன்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சன்னதித் தெருவில் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது இடது பக்கம் யாராவது கண்ணாடியைத் தட்டினால் எனக்கு இன்னும் உடம்பு தூக்கிப்போடும். கேட்காது, அதிர்வுதான் தெரியும். அப்போது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

உத்தரவின் நகல் உங்களுக்கு அங்கேயே வந்து சேரும். நேரிலோ, போனிலோ, ஆள் மூலமாகவோ, கடிதம் மூலமாகவோ எங்கள் யாரிடமும் பேசக் கூடாது என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. நான் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதாமல் இருப்பது உங்களுக்கு வழக்கம்தான். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினால் கைது செய்வார்கள்.

மதிவதனி